டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) முதல் தாள்: ஆங்கிலம் 30 மதிப்பெண்ணுக்கு நான் படித்த விதம்

பாஸ். ஒருவழியாகத் தொல்லை விட்டது.

கல்வி உரிமைச் சட்டத்துக்கு முன்பே பணியில் சேர்ந்திருந்தாலும், ஓய்வுக்கு 5 வருடத்துக்கு மேல் இருப்பவர்கள் 2 வருடத்துக்குள் டெட் முடிக்க வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து ஸ்டாஃப் ரூமில் இதே பேச்சுதான். பகலெல்லாம் பாடம் நடத்தி, எமிஸில் (பள்ளிக்கல்வித் துறையின் இணையப் பதிவேடு) வருகை ஏற்றிவிட்டு, ராத்திரி நாமே மாணவராக உட்கார்ந்தால் எரிச்சல் வராதா? இன்னும் இருக்கிறது. அதை விடுங்கள்.

எனக்குக் கைகொடுத்தது ஒரே வேலை: ஆப்ஷனைப் பார்க்கும் முன் வினைச்சொல்லுக்கு அடிக்கோடு. டென்ஸ், வாய்ஸ், கான்கார்ட் (எழுவாய்க்கு ஏற்ற வினை) எல்லாமே அதில் அடங்கிவிடும். 'ஒன் ஆஃப் தி பாய்ஸ்' வந்தால், பக்கத்தில் நிற்கும் பாய்ஸைப் பார்த்து 'ஆர்' போடக் கை துறுதுறுக்கும். வினை யாருடையது என்று கேளுங்கள். ஒருவனுடையது, அதனால் 'இஸ்'. 'நெய்தர், நார்' வந்தால் மட்டும் அருகில் இருக்கும் எழுவாய்க்கு ஏற்பவே வினை.

கொஸ்டின் டேக் (வாக்கியத்தின் கடைசியில் ஒட்டும் குட்டிக் கேள்வி), மனப்பாடம்தான்:
- ஹார்ட்லி, செல்டம், ஃபியூ: இவையே எதிர்மறை, டேக்கில் 'நாட்' வராது
- எ ஃபியூ: 'நாட்' வரும்
- லெட்ஸ்: ஷல் வீ
- ஐ ஆம்: ஆரன்ட் ஐ

ஃபிகர்ஸ் ஆஃப் ஸ்பீச், அதாவது அணிகளுக்குப் பயமே வேண்டாம். மலர்முகம் உவமை, முகமலர் உருவகம் என்று நடத்தியவர்கள்தானே நாம்? சிமிலி, மெட்டஃபரும் அதே கணக்கு. ஆனால் 'ஆஸ்' கண்ணில் பட்டதும் சிமிலி என்று ஷேட் பண்ணிவிடாதீர்கள். 'ஹீ ஒர்க்ஸ் ஆஸ் எ டீச்சர்' என்றால் அவர் டீச்சரேதான், உவமை எங்கே? அலிட்டரேஷன் என்றால் சொற்கள் ஒரே ஒலியில் தொடங்குவது; அதற்கு வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'நைஃப்' கே-யில் தொடங்கினாலும் 'நோஸ்' கூடத்தான் சேரும், 'கைட்' கூட இல்லை.

கதைப் பத்தி வந்தால் கேள்வியை முதலில் படி என்பார்கள். எனக்கு ஒத்துவரவில்லை. கதையை ஒருமூச்சில் படித்தால்தான் தீம் பிடிபடும். காக்காவிடமிருந்து நரி வடையைப் பறித்தது பிளாட், முகஸ்துதிக்கு மயங்குவது தீம். செட்டிங் என்றால் இடம் மட்டுமில்லை, காலமும்தான். 'ஐ' என்று பேசுபவர் கதைசொல்லி, எழுத்தாளராக இருக்க வேண்டியதில்லை.

கைடு வாங்காதீர்கள், பாடநூல் போதும். மாக் டெஸ்டும் நான் அதிகம் எழுதவில்லை. என்னைப் போல மார்க்கைப் பார்த்தாலே தூக்கம் போகிறவர்கள் தாராளமாக விட்டுவிடலாம்.