விளக்கைக் காத்தவர்

ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரில் ரண்டில் மாலிலிருந்து கிரென்ஃபெல் தெருவுக்கு வெயிலும் மழையும் படாமல் நடந்து போக 1885ஆம் ஆண்டிலிருந்து ஒரு வழி இருக்கிறது. இரண்டு பக்கமும் கடைகள், அவற்றின் மேல் இன்னொரு தளம், அதற்கும் மேலே நீளவாக்கில் செல்லும் கண்ணாடிக் கூரை, காலடியில் கட்டம் கட்டமாகப் பதித்த ஓடுகள். அடிலெய்ட் ஆர்கேட் என்று இதற்குப் பெயர். அலுவலகம் முடிந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் வழியில், பல ஆண்டுகளாக, வாரத்தில் ஐந்து நாளும் இதன் ஊடாகத்தான் நடக்கிறேன். குளிர்காலத்தில் கடைகள் ஒவ்வொன்றாகக் கதவடைக்கும் நேரத்தில் இங்கே நம் செருப்புச் சத்தமே நமக்குப் பின்னால் யாரோ வருவது போலக் கேட்கும். இந்தக் கட்டடத்தின் பேய்க் கதைகளுக்குள் நான் நுழைந்தது அந்தச் சத்தத்தின் வழியாகத்தான்.

கதைகளுக்கு முன்னால் கட்டடத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கூரையிட்ட கடைத்தெரு என்ற எண்ணம் 1800 வாக்கில் பாரிசில் வேர் பிடித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய நகரத் தெருக்கள் சேறும் குதிரைச் சாணமுமாகக் கிடந்தன. நல்ல உடை உடுத்தியவர்கள், குறிப்பாகப் பெண்கள், நின்று நிதானமாக ஒரு பொருளைப் பார்ப்பதற்கு அங்கே இடமில்லை. லண்டனில் 1819இல் திறக்கப்பட்ட பர்லிங்டன் ஆர்கேட் இந்தக் குறையைத் தீர்த்தது. உள்ளே ஓடக் கூடாது, சீட்டியடிக்கக் கூடாது என்ற விதிகளை மக்கள் மீறாமல் பார்த்துக்கொள்ள, சீருடை அணிந்த 'பீடில்' என்னும் காவலர்களை அங்கே நியமித்தார்கள். கண்ணாடிக்கு விதித்திருந்த வரியை பிரிட்டன் 1845இல் நீக்கிய பிறகு பெரிய கண்ணாடித் தகடுகள் மலிந்தன; வார்ப்பிரும்புச் சட்டங்களின் மேல் கூரை முழுவதையும் கண்ணாடியால் வேய்வது கட்டுபடியாகும் காரியம் ஆயிற்று. மிலான் நகரின் மாபெரும் கலேரியா 1867இல் திறக்கப்பட்டது. மெல்போர்னின் ராயல் ஆர்கேட் 1870இல். மிலான் கலேரியாவை வடிவமைத்த ஜுசெப்பே மெங்கோனி 1877இன் கடைசி நாட்களில் அந்தக் கட்டடத்தின் சாரத்திலிருந்தே விழுந்து இறந்தார் என்பதை இங்கே குறித்து வைக்கிறேன். இத்தகைய கட்டடங்களின் அழகுக்குப் பின்னால் எங்கோ ஓர் உயிர் போயிருக்கிறது என்ற நினைப்பு அதன் பிறகு என்னை விட்டு நீங்கவில்லை.

அடிலெய்ட் ஆர்கேடை விதால், வெல்ஸ் என்ற கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்தார்கள். 1885 டிசம்பர் 12 அன்று தென் ஆஸ்திரேலியாவின் ஆளுநர் சர் வில்லியம் ராபின்சன் அதைத் திறந்து வைத்தார். வாசலின் மேலே கங்காருவும் ஈமுவும் தாங்கி நிற்கும் சின்னத்தை இன்றும் அண்ணாந்து பார்க்கலாம். ஆஸ்திரேலியா என்ற நாடு 1901இல்தான் உருவானது. பிறக்காத நாட்டுக்கு அந்தச் சிற்பி முன்கூட்டியே முத்திரை செய்து வைத்திருக்கிறார். அவ்வளவு நம்பிக்கையோடு திறந்த கட்டடத்துக்கு நல்ல காலம் உடனே வாய்க்கவில்லை. திறந்து மூன்று மாதங்கூட ஆகாத நிலையில், 1886 பிப்ரவரியில், தென் ஆஸ்திரேலிய வணிக வங்கி திவாலானது. அந்தக் குடியேற்றத்தின் வணிகம் முழுவதும் ஆட்டம் கண்டது. ஆனாலும் மக்கள் இங்கே வந்தார்கள், வெறுமனே பார்ப்பதற்காகவாவது வந்தார்கள். அவர்களை இழுத்தது மின்விளக்கு.

இதைச் சற்று நிறுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் எல்லாக் கதைகளும் இந்த இடத்திலிருந்துதான் கிளைக்கின்றன. அடிலெய்டில் கிரென்ஃபெல் தெரு மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 1901 நவம்பரில். அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கடைத்தெருவுக்குள் மின்விளக்கு எரிய வேண்டுமானால், அந்த மின்சாரத்தை அந்தக் கட்டடமே உற்பத்தி செய்துகொள்ள வேண்டும். ஆகவே கடைகளுக்கு அருகிலேயே ஓர் இயந்திர அறை இருந்தது. அந்தக் காலத்து மின்னாக்கிகள் எப்படி இயங்கின என்பதை அருங்காட்சியகங்களில் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஓர் எந்திரம் பெரிய சக்கரத்தைச் சுழற்றும், சக்கரத்திலிருந்து தோல் வார்ப்பட்டை ஒன்று மின்னாக்கிக்கு ஓடும், வேகம் சற்றுக் குறைந்தாலும் மேலே விளக்குகள் மங்கும். சுழலும் பாகங்களைச் சுற்றிக் கம்பி வேலியோ மூடியோ இருப்பது அப்போது வழக்கமில்லை. பட்டுத் துணியையும் வாசனைத் திரவியத்தையும் வெளிச்சத்தில் பார்த்து வியந்தபடி மேலே மக்கள் நடக்க, சில அடி தூரத்தில் மூடியில்லாத சக்கரம் ஒன்று சுழன்றுகொண்டிருந்தது.

ஃபிரான்சிஸ் க்ளூனி இந்த ஆர்கேடின் பீடில். லண்டன் வழக்கத்தைப் பின்பற்றி இங்கேயும் அந்தப் பதவியை வைத்திருந்தார்கள். சீருடையில் நடைபாதையைச் சுற்றி வருவதும், வீண் வம்பு செய்பவர்களை வெளியே அனுப்புவதும் அவருடைய வேலை. 1887 ஜூன் மாதம் அவர் அந்த இயந்திர அறைக்குள், மின்னாக்கியின் சக்கரங்களில் சிக்கி நசுங்கி இறந்தார். விக்டோரியா அரசியின் ஆட்சி ஐம்பது ஆண்டு நிறைந்ததைப் பேரரசு முழுவதும் வாணவேடிக்கையோடு கொண்டாடிய மாதம் அது. தொழிற்கூடங்களில் பாதுகாப்பைக் கண்காணிக்கத் தென் ஆஸ்திரேலியாவில் தொழிற்சாலைச் சட்டம் வந்தது 1894இல். க்ளூனியின் மரணத்துக்கு ஏழு ஆண்டுகள் கழித்து.

பேய்க் கதையாக இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அந்த மரணத்தின் கோரத்தில் தொடங்கி, உடனே காலடிச் சத்தத்துக்குத் தாவிவிடுகிறார்கள். கடை அடைத்த பிறகு மேல்தளத்தில் யாரோ கனத்த காலணியோடு நடப்பது கேட்கிறதாம். சீருடை அணிந்த உருவம் ஒன்று மாடத்தில் தெரிந்து மறைகிறதாம். பூட்டிய கடைக்குள் பொருள்கள் இடம் மாறியிருக்கின்றனவாம். வழிகாட்டியோடு குழுவாகச் சென்று இரவில் இவற்றைக் கேட்டு வருவதற்கு ஏற்பாடும் உண்டு. நானும் ஒரு முறை போனேன். எல்லாரும் இருட்டை நோக்கி நின்றிருந்தபோது, நான் தலைக்கு மேலே எரிந்த விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவரைக் கொன்ற வெளிச்சம் அதுதானே என்று தோன்றியது. இருட்டைப் பற்றிய கதையாக இதைச் சொல்வது தவறு என்றே இன்றும் நினைக்கிறேன்.

இங்கே சொல்லப்படும் ஆவிகள் இன்னும் உண்டு. 1902இல் இந்தக் கட்டடத்தில் விளக்கு வாயுவால் மூச்சடைத்து மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். குழந்தையின் சிரிப்பொலி கேட்டதாகச் சொல்பவர்கள் அவனை நினைத்தே சொல்கிறார்கள். இந்தக் கதையை இரவு நேர வேடிக்கையாகக் கேட்க எனக்கு மனம் வரவில்லை, ஆகையால் இதற்கு மேல் எழுதப் போவதுமில்லை. மற்றொருத்தி ஃப்ளாரன்ஸ் ஹார்ட்டன். 1904இல், இன்று ரண்டில் மாலாக இருக்கும் அன்றைய ரண்டில் தெருவில், ஆர்கேடுக்கு அருகே, அவளைக் கணவன் தாமஸ் ஹார்ட்டன் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றான். அதே ஆண்டு அவனை அடிலெய்ட் சிறையில் தூக்கிலிட்டார்கள். தென் ஆஸ்திரேலியப் பெண்கள் வாக்குரிமையும், நாடாளுமன்றத் தேர்தலில் நிற்கும் உரிமையும் பெற்றது 1894இல். ஆர்கேடு என்ற அமைப்பே பெண்கள் அச்சமின்றித் தனியே நடமாடுவதற்கான இடமாகப் பெயர் பெற்றது. அதன் வாசலுக்கு அருகிலேயே, கூட்டமான தெருவில் ஒருத்தியைக் கட்டியவன் சுட முடிந்தது. அவள் வாசனை நடைபாதையில் வீசுவதாகவும், அவள் உருவம் தெரிவதாகவும் சொல்கிறார்கள். அவளுக்கு நடந்ததை ஊர் நினைவில் வைத்திருக்க அந்தக் கதை உதவுமானால், அதை மறுக்க எனக்குத் தோன்றாது.

சத்தங்களுக்கு விளக்கம் சொல்ல முடியாதா என்று கேட்டால், ஓரளவு முடியும். அடிலெய்டில் சில கோடைப் பகல்கள் நாற்பது பாகையைத் தாண்டும். இரவு இறங்கும்போது கூரையின் இரும்பும் கண்ணாடியும் வெவ்வேறு அளவில் சுருங்கும், சுருங்கும்போது தட்டுவது போலவும் முனகுவது போலவும் ஒலிக்கும். ஓடும் கண்ணாடியும் சுவரும் ஒலியை விழுங்காதவை. ஒரு முனையில் சாவி விழுந்தால் மறு முனையில் நம் தோளுக்குப் பின்னால் விழுந்தது போலக் கேட்கும். பழைய காலத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. நிலக்கரியிலிருந்து எடுத்த விளக்கு வாயுவிலும், சரியாக எரியாத கணப்பின் புகையிலும் கார்பன் மோனாக்சைடு இருந்தது. அதைக் கொஞ்சங்கொஞ்சமாகச் சுவாசித்தவர்களுக்குத் தலைவலியும் காதில் இரைச்சலும் நெஞ்சில் காரணமற்ற பயமும் வரும். பழுதான கணப்பு எந்திரத்தின் புகையால் தம் வீட்டில் ஆவிகள் உலவுவதாக நம்பிய ஓர் அமெரிக்கக் குடும்பத்தைப் பற்றி, 1921இல் ஒரு கண் மருத்துவ இதழ் விரிவாகவே எழுதியது. இவற்றையெல்லாம் அறிந்த பிறகும், மாடத்தில் ஏதோ நகர்ந்தது போலிருந்தால் நான் நிமிர்ந்துதான் பார்க்கிறேன். அப்படிப் பார்ப்பதில் எனக்கு வெட்கம் இல்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அம்மா என்னோடு மூன்று மாதம் தங்கியிருந்தார். ஒரு நாள் மாலை அவரை ஆர்கேடுக்குள் அழைத்துச் சென்று, ஓடுகளையும் கூரையையும் காட்டி, க்ளூனியின் கதையைச் சொன்னேன். காலடிச் சத்தம் வரை சொல்லி நிறுத்தினேன், பயந்திருப்பார் என்று எண்ணி. அம்மா மாடத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, அந்த மனுஷனுக்கு யாராச்சும் விளக்கு ஏத்துறாங்களா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு முன்னால் நான் படித்ததெல்லாம் இடம் மாறி உட்கார்ந்தது. ஊரின் ஆநிரையை மீட்கப் போய் மாண்டவனுக்கு நடுகல் நட்டு, பெயரையும் போரையும் பொறித்து, மயிற்பீலி சூட்டியவர்கள் நம் முன்னோர். காவலில் இருந்தபடி கொடிய சாவு செத்தவன் ஊரைக் காக்கும் தெய்வமாகிறான் என்பது கிராமத்து எல்லைகளில் இன்றும் வழங்கும் நம்பிக்கை. அகாலத்தில் இறந்தவரைக் கண்டு அஞ்சுவதோடு நாம் நிறுத்திவிடுவதில்லை. அவருக்குப் படையல் உண்டு, ஆண்டுக்கொரு நாள் உண்டு, சொல்லிக் கூப்பிட ஒரு பெயர் உண்டு. அம்மாவுக்கு க்ளூனி பேயாகவே தெரியவில்லை. வேலை நேரத்தில் செத்துப்போய், இன்னும் ரோந்து சுற்றிக்கொண்டிருக்கும் காவல்காரராகத் தெரிந்தார்.

க்ளூனிக்கு அடிலெய்ட் நகரம் செய்திருக்கும் படையல் அந்தக் கதைகள்தான் என்று அதன் பிறகு எனக்குப் பட்டது. ஆளுநருக்கு வரலாற்று நூல்களில் பக்கங்கள் உண்டு, கட்டடக் கலைஞர்களுக்கு அவர்கள் கட்டிய கட்டடமே உண்டு. பாராக் கொடுத்தவரின் பெயரை நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாய் வழியே காப்பாற்றி வந்தவர்கள் கடைக்காரர்களும், இரவில் பெருக்கித் துடைப்பவர்களும், பயந்துபோய்த் தோழிகளிடம் சொன்ன விற்பனைப் பெண்களும். பேய் என்று அவர்கள் சொல்லாமல் போயிருந்தால், 1887இன் செய்தித்தாளில் ஒரு பத்தியோடு அவர் முடிந்திருப்பார். அதே சமயம், சொல்கிறவர்கள் அவரைப் பயமுறுத்துகிறவராக மட்டும் நிறுத்திவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. விளக்கு எரிவதற்காகச் சுழன்ற சக்கரத்தில் அவர் உயிர் போயிற்று என்பதையும், அந்தச் சக்கரத்துக்கு ஒரு தடுப்பு இருந்திருந்தால் அவர் அன்றிரவு வீடு திரும்பியிருப்பார் என்பதையும் காலடிச் சத்தத்துக்கு முன்பே சொல்ல வேண்டும்.

அம்மா ஊருக்குத் திரும்புவதற்கு முந்தைய நாள் மறுபடியும் ஆர்கேடுக்குப் போக வேண்டும் என்றார். உள்ளே நெருப்பு ஏற்றக் கூடாது என்று எச்சரித்திருந்தேன். அவரும் எதுவும் கொண்டு வரவில்லை. நடைபாதையின் நடுவில் ஓரமாக நின்று, மாடத்தைப் பார்த்து ஒரு கணம் கை கூப்பினார். கடை அடைக்கும் நேரம். கிரென்ஃபெல் தெருப் பக்கமிருந்து சாவிக் கொத்தோடு வந்த காவலாளி எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, ஒவ்வொரு கதவையும் இழுத்துப் பார்த்தபடி மெதுவாக நடந்து போனார்.