ஸ்கிம்மர் கோப்பை ஏன் காய்ந்து கிடந்தது

நாலு மாதமாக என் கடல்மீன் தொட்டியின் ஸ்கிம்மர் கோப்பையில் ஒரு தேக்கரண்டி அழுக்குக்கூடச் சேரவில்லை. வெளிறிய நுரை கொஞ்சம் எழும்பும், கழுத்துவரை வரும், பிறகு மனம் மாறினதுபோல இறங்கிவிடும். தொட்டி 300 லீற்றர். இரண்டு நீமோ மீன், ஒரு டாங் மீன், ஒரு இறால், கொஞ்சம் மென்பவளம், அவ்வளவுதான் குடித்தனம். ஆனால் கண்ணாடியில் இரண்டு நாளுக்கு ஒருதரம் பாசி பிடித்தது, தண்ணீரில் ஒரு மஞ்சள் சாயல் வந்தது. கேட்ட எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "அண்ணை, இது சின்னன், பெரிசா ஒண்டு எடுங்கோ." இன்றைய டொலர் விலைக்குப் பெரிசு எடுப்பது என்றால் முதலில் வீட்டில் ஒரு பேச்சுவார்த்தை நடத்த வேண்டும். அதற்குப் பயந்துதான் இருக்கிறதையே நோண்டத் தொடங்கினேன்.

ஸ்கிம்மர் என்ன செய்கிறது என்று தெரியாதவர்களுக்கு: தென்மேற்குப் பருவக்காற்று நாட்களில் கொழும்புக் கடற்கரையோரம் மெரைன் டிரைவ் பக்கம் போனால் கற்களுக்கிடையில் பழுப்பு நிற நுரை ஒதுங்கிக் கிடக்குமே, அதே வேலைதான். மீன் கழிவு, மிஞ்சிய தீனி, பாசியிலிருந்து வழிவது என்று தண்ணீரில் கரைந்திருக்கும் பலவற்றுக்கு ஒரு முனை தண்ணீரோடு ஒட்டும், மறுமுனை தண்ணீரை விட்டு விலகப் பார்க்கும். அப்படியானவை காற்றுக் குமிழியின் தோலில் போய் ஒட்டிக்கொள்ளும். குமிழிகள் மேலே போய் நுரையாகி, கழுத்தால் ஏறிக் கோப்பையில் விழும். உப்புத் தண்ணீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருக்காமல் பொடியாகவே நிற்பதால்தான் இது கடல் தொட்டிக்கு நன்றாக வேலை செய்கிறது. நன்னீர்த் தொட்டியில் இதே பெட்டியை வைத்தால் பெரிய பெரிய குமிழிகளாக வந்து உடைந்து போகும்.

ஆக, எவ்வளவு காற்று உள்ளே போகிறது, அது எவ்வளவு பொடியாகிறது, இந்த இரண்டும்தான் உயிர். நானோ நாலு மாதமாகத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். காற்றை அளக்க ஒரு மீற்றர் விற்கிறார்கள், நான் வாங்கவில்லை. மெல்லிய பொலித்தீன் பை ஒன்றை எடுத்தேன், ஒரு லீற்றர் சாடியால் தண்ணீர் ஊற்றிப் பார்த்ததில் எட்டு லீற்றர் பிடித்தது. பையை நன்றாக உலரவிட்டு, காற்று நிரப்பி, வாயைச் சேர்த்து ஸ்கிம்மரின் காற்றுக் குழாயில் இறப்பர் பட்டியால் இறுக்கிக் கட்டினேன். பம்ப் அதை உறிஞ்சி முடித்துப் பை சப்பையாக எத்தனை செக்கன் என்று தொலைபேசியில் பார்த்தேன். 144 செக்கன். கணக்குப் போட்டால் மணிக்கு 200 லீற்றர். பெட்டியில் எழுதியிருந்ததோ 500.

முதல் குற்றவாளி சுலபமாகப் பிடிபட்டது. காற்று உள்ளே போகும் அந்தச் சின்னத் துளையில், காற்றும் உப்புத் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில், உப்பு காய்ந்து கல்லாகி ஊசிமுனை அளவு வழிதான் மிச்சமிருந்தது. பம்பைக் கழற்றிப் பார்த்தால், காற்றை வெட்டிப் பொடியாக்குகிற ஊசிச் சக்கரத்திலும் சுண்ணாம்புப் பொருக்கு, ஊசிகளில் சுற்றிக்கொண்ட பாசி. வெள்ளை வினாகிரியும் இளஞ்சூட்டுத் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து ஒரு வாளியில் பம்பை ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். தயவுசெய்து சமையலறையில் இருக்கிற தென்னை வினாகிரியை எடுக்காதீர்கள். நான் முதல்தரம் அதைத்தான் எடுத்தேன், வீடு முழுக்க மலாய் அச்சாறு மணத்தது, வாளியில் ஒரு வழுவழுப்பும் மிஞ்சியது. எதைப் போட்டாலும் பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தரம் ஓடவிட்டு அலச வேண்டும். கை வைக்கமுன் கரண்டைக் கழற்றுங்கள், அதை நான் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன், ஆனாலும் சொல்கிறேன்.

மறுபடி பையைக் கட்டினேன். 96 செக்கன். மணிக்கு 300. நல்ல முன்னேற்றம்தான், ஆனால் 500 எங்கே?

இதற்குத்தான் எனக்கு மூன்று வாரம் பிடித்தது. இந்த ஸ்கிம்மரை ரொறன்ரோவிலிருந்து வந்தபோது சித்தப்பா பெட்டிக்குள் உடுப்புகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்து தந்தார். அங்கே 120 வோல்ட், இங்கே 230. ஆகவே பம்பைச் சுட்டுக் கருக்காமல் இருக்க ஒரு ட்ரான்ஸ்போமர் வாங்கி நடுவில் போட்டிருந்தேன், எல்லாம் சரி என்று நினைத்திருந்தேன். ட்ரான்ஸ்போமர் வோல்ட்டை மட்டும்தான் மாற்றும். கனடாவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இலங்கையில் 50. இந்தச் சின்னப் பம்புகளில் இருக்கும் காந்தச் சுழலி, மின்சாரம் போடுகிற தாளத்துக்கு அப்படியே ஆடும்: 60 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 3600 சுற்று, 50 ஹெர்ட்ஸில் 3000. ஆறில் ஒரு பங்கு வேகம் போய்விட்டது. வேகம் குறைந்தால் உறிஞ்சும் இழுவை குறையும், ஊசிகள் காற்றை வெட்டிப் பொடியாக்குவதும் குறையும். பம்பின் பின்னால் அந்தச் சின்ன எழுத்தில் 60 ஹெர்ட்ஸ் என்று தெளிவாகத்தான் அச்சடித்திருக்கிறது. நான்கு மாதம் அதைக் கையில் பிடித்துக் கழுவியிருக்கிறேன், வாசிக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து சாமான் வருகிற வீடுகள் கொழும்பில் கொஞ்சநஞ்சமா, அதனால்தான் இதை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

24 வோல்ட் டிசி பம்ப் ஒன்று, ஊசிச் சக்கரத்தோடு, தேடிப் பிடித்தேன். அதன் அடாப்டர் 100 முதல் 240 வோல்ட்வரை எதையும் தின்னும், 50ஆ 60ஆ என்று கேட்காது. வாய் அளவு சரிவரவில்லை, ஒரு துண்டு சிலிக்கோன் குழாயால் சமாளித்தேன். பை 64 செக்கனில் சப்பை. மணிக்கு 450. அந்தச் சந்தோசம் இரவு பதினொரு மணிவரை இருந்தது, பிறகு கோப்பை நிரம்பிச் சம்ப் (மேல் தொட்டித் தண்ணீர் வழிந்து சேருகிற, ஸ்கிம்மர் நிற்கிற கீழ்த்தொட்டி) முழுக்க நுரையாகிவிட்டது.

புதுப் பம்போ, கழுவின பம்போ, முதல் சில நாட்கள் இப்படித் துள்ளும் அல்லது ஒன்றுமே செய்யாது. ஒரு வாரமாவது விட வேண்டும். நான் விடாமல் ஸ்கிம்மரின் வால்வைத் திருகிக்கொண்டே இருந்தேன், ஒரு நாள் பொங்கும், மறுநாள் காய்ந்துவிடும், ஒரு ஒழுங்கும் தெரியவில்லை. கடைசியில் பார்த்தால் வால்வில் பிழை இல்லை, சம்ப் நீர்மட்டத்தில். கொழும்பு வெக்கையில் தொட்டி 30 பாகைக்குப் போகாமல் இருக்க நான் மேலே இரண்டு மின்விசிறி வைத்திருக்கிறேன். விசிறி தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிர்விக்கும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய நாலு லீற்றர் போகிறது. என் சம்ப் 75 சென்டிமீற்றர் நீளம், 35 அகலம், நடுவில் தடுப்பு எதுவும் இல்லை. இரண்டு நாள் தண்ணீர் விடாவிட்டால் மட்டம் மூன்று சென்டிமீற்றர் இறங்கிவிடும். ஸ்கிம்மருக்கு மூன்று சென்டிமீற்றர் என்பது பொங்குவதற்கும் காய்வதற்கும் இடையிலுள்ள தூரம். ஒரு கண்ணாடித் தடுப்பு ஒட்டி, ஸ்கிம்மர் நிற்கிற அறையில் மட்டம் எப்போதும் ஒரே உயரத்தில் நிற்கும்படி செய்தேன். உயரம் எவ்வளவு என்பது ஒவ்வொரு ஸ்கிம்மருக்கும் வேறு, கையேட்டில் இருக்கும், எனக்கு 20 சென்டிமீற்றர் சரிவந்தது. ஆவியாகிற தண்ணீருக்குப் பதில் மிதவையோடு ஒரு ஆர்ஓ (உப்பு நீக்கி வடித்த) தண்ணீர்ப் பீப்பாய். அன்றிலிருந்து வால்வைத் தொடவில்லை.

அம்மா விசயம் ஒன்று. பின்னேரம் மீனுக்குத் தீனி போடுவது அவதான், தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்த கையோடு. விரல் நுனி தண்ணீரில் பட்டால் போதும், நுரை ஒரு மணி நேரத்துக்குப் படுத்துவிடும். எண்ணெய்ப் படலம் குமிழியை உடைத்துவிடும். ஸ்கிம்மரின் கழுத்து உட்புறத்தில் படிகிற பழுப்புப் பசையும் அதே வேலைதான் செய்யும், அதனால் மூன்று நாளுக்கு ஒருமுறை கழுத்தை மட்டும் துடைத்துவிடுங்கள். அம்மாவுக்கு ஒரு நீளமான பிளாஸ்ரிக் கரண்டி வாங்கிக் கொடுத்தேன், அவவுக்கு அது கொஞ்சம் மனவருத்தம்.

காற்று என்று பேசத் தொடங்கினால் அது எந்த அறைக் காற்று என்றும் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி, நுளம்புத் திரி, கரப்பானுக்கு அடிக்கிற ஸ்பிரே, எல்லாவற்றையும் ஸ்கிம்மர் மணிக்கு 450 லீற்றர் கணக்கில் இழுத்துத் தண்ணீருக்குள் கலக்கிவிடும். பூச்சி மருந்து இறாலுக்கு எமன். இன்னொன்று, ஏசி போட்டுக் கதவு யன்னல் எல்லாம் பூட்டின அறையில் நாங்கள் நாலு பேர் விடுகிற மூச்சால் கரியமிலவாயு கூடிப்போகும், அதையும் ஸ்கிம்மர் உறிஞ்சித் தண்ணீரின் பிஎச் (அமில-கார அளவு) இறங்கும். என் தொட்டி காலையில் 7.8 காட்டிக்கொண்டிருந்தது. காற்றுக் குழாயை நீட்டி யன்னலுக்கு வெளியே விட்டேன், நுனியைக் கீழ்நோக்கி வளைத்து ஒரு வலைத்துண்டு கட்டினேன், மழையும் எறும்பும் வராமல். இப்போது 8 சொச்சம். குழாயை அளவுக்கு மீறி நீட்டினால் இழுவை குறையும், ஆகவே கொஞ்சம் பெரிய துவாரக் குழாய் போடுங்கள்.

மின்வெட்டைச் சொல்லாமல் முடித்தால் இது கொழும்புப் பதிவாகாது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்தோம், அப்போது என்னிடம் நன்னீர்த் தொட்டிதான், தப்பித்தேன். ஆனால் குரங்கு ஒன்றால் நாடு முழுக்க இருண்டது என்று சொன்ன அந்த 2025 பெப்ரவரி ஞாயிற்றுக்கிழமையில் பாடம் படித்தேன். கரண்ட் போனதும் மேல் தொட்டியிலிருந்தும் குழாய்களிலிருந்தும் தண்ணீர் சம்புக்கு இறங்கும், மட்டம் உயரும். கரண்ட் வந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பும், ஸ்கிம்மர் ஆழத் தண்ணீரில் நின்றுகொண்டு பொங்கித் தள்ளும், சேர்த்து வைத்த அழுக்கு எல்லாம் திரும்பத் தொட்டிக்கு. இப்போது ஸ்கிம்மருக்கு மட்டும் பத்து நிமிடம் பிந்தி இயங்குகிற ஒரு டைமர் போட்டிருக்கிறேன். கரண்ட் இல்லாத நேரத்துக்கு பற்றரியில் ஓடுகிற சின்னக் காற்று மோட்டர் ஒன்றும் இருக்கிறது, ஏனென்றால் சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவாகத்தான் கரையும், ஸ்கிம்மர் நின்றால் அந்தக் காற்றூட்டமும் நின்றுவிடும்.

இவ்வளவும் செய்து தண்ணீர் பளிங்காகிவிட்டதா என்றால், மஞ்சள் போய்விட்டது, பாசி வாரத்துக்கு ஒருதரம் துடைத்தால் போதும். அதற்குமேல் எதிர்பார்க்கவும் கூடாது. பென்சில்வேனியா அரச பல்கலைக்கழகத்தில் ஃபெல்ட்மன் என்ற இரசாயனப் பேராசிரியர் 2009இல் இதை அளந்து பார்த்தார். தண்ணீரில் உள்ள சேதனக் காபனில் (கழிவுப் பொருட்களில் இருக்கிற காபன்) 20 முதல் 30 சதவீதத்தைத்தான் ஸ்கிம்மர்களால் எடுக்க முடிந்தது. மிச்சம் குமிழியில் ஒட்டாத சாதி. அதனால் தண்ணீர் மாற்றுவதை நான் நிறுத்தவில்லை, கரித்தூள் பையும் தொங்குகிறது.

கோப்பை இப்போது நாலு நாளுக்கு ஒருமுறை கடுந்தேயிலை நிறத்தில் நிரம்புகிறது. நாற்றம் தாங்க முடியாது, மலசலகூடத்தில்தான் ஊற்றுகிறேன், ஊற்றின பிறகு அரை மணி நேரம் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. சித்தப்பா போன வாரம் தொலைபேசியில் எடுத்து "எப்பிடி மோனே, நல்லா வேலை செய்யுதோ?" என்று கேட்டார். அருமை என்றேன். அவர் தந்த பம்பும் அந்த ட்ரான்ஸ்போமரும் லாச்சிக்குள் இருக்கின்றன, கனடாப் பக்கம் போகிற யாராவது பம்பை எடுத்துக்கொள்ளலாம், அங்கே அது நன்றாக ஓடும்.