ஜூனில் மார்லினா?

ஜூனில் கென்யாவின் கடற்கரை ஊரான வதாமுவுக்கு மார்லின் என்ற பெரிய கடல்மீனைத் தூண்டிலில் பிடிக்கக் கிளம்புவதாக நண்பர் ஒருவர் காலையில் டிக்கெட்டைக் காட்டினார்.

அது ‘குசி’ என்ற தென்கிழக்குப் பருவக்காற்றுக் காலம். கடல் கொந்தளிக்கும், பெரும்பாலான படகுகள் கரையேறி எஞ்சின் பழுது பார்த்துக்கொண்டிருக்கும். உடலில் கோடுகள் உள்ள வரி மார்லினுக்குப் பருவம் ஜனவரி முதல் மார்ச்தான்.

படகு ஏறியதும் தூண்டில் ரீலின் டிராக்கை, அதாவது மீன் லைனை இழுத்து ஓடும்போது பிடித்து நிறுத்தும் பிரேக்கை, பாருங்கள். 80 பவுண்டு இழுவை தாங்கும் லைனுக்கு டிராக் 25 பவுண்டு போதும். தராசில் மாட்டி இழுத்துப் பார்த்தே வைக்கணும், கைக்கணக்கு ஆகாது.

மீன் ஓட ஓட ஸ்பூலில் (லைன் சுற்றிய உருளையில்) சுற்று மெலியும். லைன் சுற்றின் விட்டம் பாதியானால் டிராக் தானாக இரண்டு மடங்காகும். அப்போது தளர்த்தணும், பதற்றத்தில் எல்லாரும் முறுக்குவார்கள், லைன் அறுந்துபோகும்.

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்கு 10 நாள் முன்பே போட்டுவிடுங்கள். சான்றிதழ் இல்லாவிட்டால், திரும்பி வரும்போது விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்திவிடுவார்கள்.