16 மீட்டர்

போன வாரம் நட்ட குச்சிகளில் 7 குச்சியைக் காணோம். தலையில் சிவப்புப் பெயிண்ட் அடித்த குச்சிகள். புதிய நடுக்கோடு எங்கே வரும் என்று காட்ட, 20 மீட்டருக்கு ஒன்றாக நட்டவை. பிள்ளைகள் விளையாட்டுக்குப் பிடுங்கினார்களா, கோடு பிடிக்காத பெரியவர்கள் யாராவது பிடுங்கினார்களா, தெரியவில்லை. இருபது வருடத்துக்கு மேல் சாலை போடும் வேலையில் இருக்கிறேன். குச்சி காணாமல் போகாத சாலை ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

இப்போது கையில் இருப்பது ஒரு புறநகரின் முக்கியச் சாலை. நீளம் 2.4 கிலோமீட்டர். எப்போதோ வண்டித்தடமாக இருந்து, ஜல்லி கொட்டி, தார் பூசி, இரண்டு பக்கமும் வீடு முளைத்து, இன்று பேருந்தும் லாரியும் ஓடுகிறது. மொத்தம் 9 வளைவு. எட்டைப் பொறுத்துக்கொள்ளலாம். ஒன்பதாவதில் எதிரே வருவது கிட்டே வரும் வரை கண்ணுக்குத் தெரியாது. எங்களுக்கு வந்த மனுக்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வளைவைப் பற்றித்தான். எல்லாவற்றிலும் ஒரே சொல்: நேராக்குங்கள்.

சரி, நேராக்கலாம். முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

அந்த வளைவின் ஆரம் 45 மீட்டர். சாலை அங்கே 60 டிகிரி திரும்புகிறது. வளைவில் போகும் வண்டியை வெளியே ஓடிவிடாமல் பிடித்து வைப்பவை இரண்டு. ஒன்று, டயருக்கும் தாருக்கும் இடையே உள்ள பிடிப்பு. இன்னொன்று, சாலையின் வெளி ஓரத்தைத் தூக்கிக் கொடுக்கும் சாய்வு. சூப்பர் எலிவேஷன் என்போம். வெட்டவெளி நெடுஞ்சாலை என்றால் 7 சதவீதம் வரை சாய்க்கலாம். வீட்டு வாசலும் சந்துகளும் வந்து சேர்கிற இடத்தில் 4 சதவீதத்தைத் தாண்ட எனக்கு மனம் வராது. பிடிப்புக்கு 0.15, சாய்வுக்கு 0.04. இரண்டையும் கூட்டி 127ஆல் பெருக்க வேண்டும். வருகிற எண்ணால் வேகத்தின் வர்க்கத்தை வகுத்தால் வளைவின் ஆரம் மீட்டரில் கிடைத்துவிடும்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்துக்குக் கிட்டத்தட்ட 150 மீட்டர் ஆரம் வேண்டும். 40க்கு 66 மீட்டர் போதும். இப்போது இருக்கிற 45 மீட்டர் ஆரம், இதே சாய்வு இருந்தாலும், 33 கிலோமீட்டர் வேகத்துக்குத்தான் சரியாக வரும். அங்கே சாய்வும் கிடையாது. பழைய ஆட்கள் சும்மா திருப்பிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஆரத்தைக் கூட்டினால் வளைவு அதே இடத்தில் இருக்காது. உள்பக்கமாக நகரும். எவ்வளவு என்பதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. 66 மீட்டர் ஆரம் வைத்தால் வளைவின் நடுப்பகுதி இப்போதைய இடத்தை விட்டு 3 மீட்டர் சொச்சம் உள்ளே போகிறது. 150 வைத்தால் 16 மீட்டர்.

3 மீட்டரில் ஒரு காம்பவுண்டு சுவரும் ஒரு கேட்டும் போகும். 16 மீட்டரில் இரண்டு வீடு, ஒரு கிணறு, மூன்று பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத ஒரு மரம். எல்லாம் போகும்.

40ஆ 60ஆ என்று எந்தக் கூட்டத்திலும் யாரும் பேசவில்லை. கோப்பின் முதல் பக்கத்தில் 'டிசைன் ஸ்பீடு' என்று ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதில் 60 என்று ஏற்கெனவே தட்டச்சாகியிருந்தது. விசாரித்தேன். முந்தைய ஒரு சாலையின் கோப்பைப் பிரதி எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அந்தச் சாலையின் இரண்டு பக்கமும் வெறும் வயல். இரண்டு வீட்டை இடிக்கும் முடிவை யாரும் எடுக்கவே இல்லை, பிரதி எடுக்கும் போது அது தானாக வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது.

60ஆல் என்ன லாபம் என்றும் பார்த்தேன். 2.4 கிலோமீட்டரை ஒரே சீராக 40ல் கடந்தால் 216 வினாடி. 60ல் கடந்தால் 144. மிச்சம் 72 வினாடி. அதுவும் நடுவே பேருந்து நிற்காமல், யாரும் சாலையைக் கடக்காமல், லாரி பின்னால் எடுக்காமல் இருந்தால். சாலையின் கடைசியில் ஒரு சிக்னல் இருக்கிறது. அங்கே சிவப்பு விழுந்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கேயே கரைந்துவிடும். இன்னொரு பக்கம், சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிரைப் பறிக்கும் விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. நான் 60க்கு வரைந்தால் ஓட்டுநர்கள் 60ல் நிற்பார்களா என்ன? சாலை விரிந்து கிடந்தால் கால் தானாக அழுத்தும். என் காலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அப்படியானால் எதிரே வருவது தெரியவில்லை என்ற குறைக்கு என்ன வழி? அந்தக் குறை நிஜம். ஆனால் பார்வையை மறைப்பது வளைவு கிடையாது, வளைவின் உள்பக்கத்தில் தலைக்கு மேல் நிற்கும் சுவர். 40ல் வருகிறவர் ஆபத்தைப் பார்த்து, பிரேக்கை மிதித்து, வண்டி நிற்க ஏறக்குறைய 45 மீட்டர் ஆகும். அதில் 28 மீட்டர், மூளை 'பிரேக்' என்று சொல்லிக் கால் கேட்பதற்குள் ஓடிவிடுகிற தூரம். அந்த 45 மீட்டரும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். 66 மீட்டர் ஆரத்தில், உள் தடத்தின் நடுவிலிருந்து 4 மீட்டருக்குள் உயரமாக எதுவும் இருக்கக் கூடாது. முழங்கால் உயரம் வரை இருக்கலாம், ஓட்டுநரின் கண் அதற்கு மேலே இருக்கும். ஆக, புதுச் சுவரைத் தள்ளிக் கட்டி, அந்த மூலையில் மட்டும் தாழ்த்திவிட்டால் வேலை முடிந்தது. இதை வரைந்து முடித்த அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

பேருந்துக்காக இன்னொரு அரை மீட்டர் கேட்க வேண்டியிருந்தது. வளைவில் பேருந்தின் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் போகாது, உள்ளே வெட்டிக்கொண்டு போகும். அந்த அகலத்தைக் கொடுக்காவிட்டால் அதுவே நடைபாதைமேல் ஏறி எடுத்துக்கொள்ளும்.

சர்வே எடுத்த நாட்களில் ஒரு பெரியவர் தினமும் வந்து நின்று பார்ப்பார். ஒருநாள், "ஏம்மா, ரோடு ஏன் இங்க வளையுதுன்னு யாராவது சொன்னாங்களா?" என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை. உள்பக்கம் முழுக்க ஒருகாலத்தில் பள்ளமாம், மழை நாளில் வண்டி புதையுமாம். தடம் மேட்டைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. லெவல் எடுத்த புத்தகத்தைப் புரட்டினேன். மண் கொட்டி நிரப்பி வீடு கட்டிய பிறகும் அந்தப் பக்கம் தாழ்ந்துதான் இருக்கிறது. 16 மீட்டர் உள்ளே போயிருந்தால் சாலையைக் கொண்டுபோய் அதற்குள்ளேயே வைத்திருப்போம். தாருக்கு மேலே ஓடும் தண்ணீரைவிட அடியில் ஊறி நிற்கும் தண்ணீர்தான் சாலையைக் கொல்லும்.

தண்ணீர் விஷயத்தில் எனக்குச் சூடு பட்ட கதை ஒன்று உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வரைந்த ஒரு வளைவு. சாதாரணமாகச் சாலை நடுவில் மேடாக, இரண்டு பக்கமும் சரிந்து இருக்கும். வளைவை நெருங்கும்போது வெளிப்பாதி கொஞ்சம் கொஞ்சமாக எதிர்ப்பக்கம் சாய வேண்டும். வெளியே சரிந்து கிடந்தது உள்ளே சரிய வேண்டும் என்றால், நடுவில் ஓர் இடத்தில் அது எந்தப் பக்கமும் சரியாமல் தட்டையாக இருந்தே தீரும். அந்த இடத்தில் சாலை நீளவாட்டிலாவது இறங்க வேண்டும். என் வரைபடத்தில் அங்கே நீளவாட்டமும் மட்டம். தாளில் பார்க்க அழகாக இருந்தது. முதல் மழையில், சரியாக ஒரு வீட்டு வாசலுக்கு முன்னால் குளம் கட்டியது. அந்த வீட்டம்மா அலுவலகத்துக்கே வந்துவிட்டார். "மழை நின்னு ரெண்டு நாளாச்சு. உங்க ரோடு இன்னும் காயல. நீதான் கோடு போட்டியா?" நான்தான் என்றேன். திட்டுவார் என்று பார்த்தால், "வந்து பாரு" என்று கையோடு அழைத்துப் போனார். காலை விட்டுக் காட்டினார், கணுக்கால் வரை.

அன்றிலிருந்து எந்த வளைவை வரைந்தாலும் முதலில் அந்தத் தட்டையான இடத்தைத் தேடிப் பென்சிலால் வட்டம் போடுவேன். இந்தச் சாலையில் அது ஒரு கேட்டுக்கு நேராக வந்தது. 11 மீட்டர் தள்ளி வைத்தேன். நீளவாட்டில் 0.5 சதவீத இறக்கமும் கொடுத்திருக்கிறேன். வளைவில் சாலையின் முழு அகலத்துத் தண்ணீரும் உள்பக்க வடிகாலுக்கே போகும் என்பதால், அந்த வடிகாலை மட்டும் பெரிதாக்கியிருக்கிறோம். மேலே மேலே தார் பூசிக்கொண்டே போகாமல் பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போட வேண்டும் என்பதையும் எழுதிச் சேர்த்தேன். 4 செ.மீ.தானே என்று மூன்று தடவை பூசினால் வாசற்படி ஒன்று புதைந்துவிடும்.

சந்திப்புகளைப் பற்றி நிறைய எழுதலாம், சுருக்கமாக ஒன்று. நான்கு சாலை கூடும் இடத்தில் வண்டிகளின் பாதைகள் ஒன்றோடொன்று முட்டக்கூடிய புள்ளிகள் 32. மூன்று சாலை கூடினால் 9. ஒற்றைத் தட ரவுண்டானா வைத்தால் நான்கு சாலைக்கும் சேர்த்தே 8. நடுவில் ஒரு நாற்சந்தி இருக்கிறது, ரவுண்டானாவுக்கு இடமும் இருக்கிறது. இருந்தும் சிக்னல்தான் வேண்டும் என்று ஒரு தரப்பு விடாப்பிடியாக நிற்கிறது. சிக்னல் இருந்தால் ஊர் பெரிதாகிவிட்ட மாதிரி ஒரு நினைப்பு போல. இது இன்னும் முடிவாகவில்லை.

மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது தனிக் கதை. தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்கேபிள், தொலைபேசிக் கேபிள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரைபடம் தந்தார்கள். சோதனைக் குழி வெட்டிப் பார்த்தபோது, வரைபடத்தில் ஓரமாகப் போகும் குழாய் நடுவில் கிடந்தது. யார் காலத்துக் குழாய் என்று சொல்ல ஆள் இல்லை, உள்ளே தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

மக்களுக்கு வரைபடத்தைக் காட்டிய மாலையில் கூடம் நிறைந்திருந்தது. எல்லோரும் சுவரில் ஒட்டிய தாளருகே போய்த் தங்கள் வீட்டைத்தான் முதலில் தேடினார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். வளைவின் உள்பக்க வீட்டுக்காரர் விரலால் கோட்டைத் தொட்டுக்கொண்டே, "என் வீட்டுக்குள்ள போகுதா, போகலையா? அதை மட்டும் சொல்லுங்க மேடம்" என்றார். சுவர் மட்டும் போகிறது என்றேன். பழைய 60ன் கோட்டையும் அதே தாளில் புள்ளிக்கோடாகப் போட்டு வைத்திருந்தேன். அது அவருடைய சமையலறைக்குள் போனது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம், மூலையில் சுவரைத் தாழ்த்தச் சம்மதம் என்றார். மேலே கம்பிவேலி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். பார்வை மறைக்காத வேலி என்றால் தாராளமாக.

நேராக்கவில்லையே என்று கோபமாக வெளியேறியவர்களும் இருந்தார்கள். கூட்டம் முடிந்து 3 நாளில்தான் குச்சிகள் காணாமல் போயின.

பரவாயில்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று அடையாளம் வேறு இடங்களில் குறித்து வைத்திருக்கிறோம்: ஒரு கல்வெர்ட்டின் மூலை, ஒரு கம்பத்தின் அடி, ஒரு வாசல் தூணில் அடித்த ஆணி. அங்கிருந்து டேப் பிடித்தால் புள்ளி பழைய இடத்திலேயே கிடைத்துவிடும். நாளைக் காலை வெயிலுக்கு முன்னால் போய் 7 குச்சியையும் திரும்ப நட வேண்டும். இந்தத் தடவை தலையை வெளியே நீட்டாமல் மண்மட்டத்துக்கு அடித்துவிடலாம் என்றிருக்கிறேன்.