மணியடிச்சான் பாறை

ஆரல்வாய்மொழியில் பேருந்தை விட்டு இறங்கியதும் முதலில் வந்து மோதியது காற்றுதான். இங்குள்ள மலைக்குக் காற்றாடிமலை என்று சும்மா பெயர் வைக்கவில்லை. வேட்டியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தேன்.

கிறிஸ்தவராக மாறிய தேவசகாயம் பிள்ளையை 1752 ஜனவரி 14 அன்று சுட்டுக் கொன்ற மலை இது. 2022 மே 15 அன்று அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவர் பட்ட பாடுகளைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனதும், காயத்தில் மிளகாய்ப்பொடி தேய்த்ததும் மனப்பாடம். கேட்கும்போதெல்லாம் மரியாதை வரும், நெருக்கம் வராது. என்னை யார் எருமை மேல் ஏற்றப் போகிறார்கள்?

என் பாடு வேறு. அப்பாவின் நிலத்தை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விற்ற அண்ணனோடு நான்கு வருடமாகப் பேச்சு இல்லை. காலையில் நடக்கப் போகும்போது அவரை மனசுக்குள் நிற்கவைத்து விசாரிப்பேன். கேள்வியும் நான்தான், தீர்ப்பும் நான்தான். ஞாயிற்றுக்கிழமை பூசையில் சமாதானம் சொல்லும் நேரம் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு, நன்மை (நற்கருணை) வாங்க வரிசையில் போய் நின்றுவிடுவேன்.

முந்தைய நாள் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கும் டிலனாய் கல்லறையைப் பார்த்திருந்தேன். 1741-இல் குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட டச்சுப் படைத் தளபதி; பிறகு தன்னைத் தோற்கடித்த திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்தவர். மாடுகள் செத்து, பயிர் அழிந்து மனம் ஒடிந்திருந்த நீலகண்டப் பிள்ளைக்கு அவர் சொன்னது, பைபிளில் எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபின் கதை. அதைக் கேட்ட பிள்ளைதான் 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். லாசரு என்ற பெயரின் தமிழ் அது. சிறை, சித்திரவதை எல்லாம் அதற்குப் பிறகு. தொடக்கம் என்னவோ ஒரு வீட்டுக் கஷ்டம்தான். அங்கேதான் அவர் எனக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்தார்.

அன்று இரவு விடுதியில் யோபு ஆகமத்தின் கடைசி அதிகாரத்தைப் புரட்டினேன். இழந்ததெல்லாம் இரட்டிப்பாகத் திரும்பக் கிடைத்த கதையென்றே அதுவரை எனக்கு நினைப்பு. 42:10-இல் கண் நின்றது. தன்னைக் குறைசொல்லி நோகடித்த நண்பர்களுக்காக யோபு மன்றாடிய பிறகுதான் அவருக்குத் திரும்பக் கிடைக்கிறது. எத்தனை தடவை வாசித்த அதிகாரம்! எனக்கு வசதியில்லாத வரியை மட்டும் தாண்டிப் போயிருக்கிறேன்.

மலையில் மணியடிச்சான் பாறை இருக்கிறது. கல்லால் தட்டினால் மணிபோல ஒலிக்கும். தேவசகாயத்தைச் சுட்டபோது மலையிலிருந்து உருண்டு விழுந்து மணியோசை எழுப்பிய பாறை என்று ஊரில் சொல்கிறார்கள். நானும் ஒரு கல்லை எடுத்து ஓங்கித் தட்டினேன். 'டொக்' என்றது. இன்னொரு தடவை, அதே 'டொக்'. பக்கத்தில் மெழுகுதிரியோடு நின்ற பாட்டி சிரித்துவிட்டார்.

"கல்ல அமுக்கிப் பிடிக்காத மக்களே. தட்டுன ஒடனே கைய எடு."

எடுத்தேன். 'டங்' என்று நீளமாக ஒலித்தது, காற்றோடு போய்விட்டது. உள்ளங்கையில் கல்லின் விளிம்பு பதிந்த சிவப்புத் தடம் இருந்தது. அவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறேன் போல.

கண்ணீர் வரவில்லை, உடம்பு சிலிர்க்கவில்லை. செபக் கூட்டங்களில் சாட்சி சொல்கிறவர்கள் சொல்வதுபோல ஒரே நொடியில் எதுவும் மாறவில்லை. கோட்டாறு சவேரியார் கோயிலில் தேவசகாயத்தின் கல்லறை முன்னால் அண்ணன் பெயரைச் சொல்லிச் செபிக்கப் பார்த்தேன். பெயர் மட்டும் வந்தது, அதற்கு மேல் வாய் வரவில்லை. சரி, இன்றைக்கு இவ்வளவுதான் என்று எழுந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் தினம் அந்தப் பெயரை மட்டும் சொன்னேன், பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன நாளும் உண்டு. எத்தனை வாரம் போனதோ, ஒருநாள் நடந்துவிட்டுத் திரும்பும்போதுதான் கவனித்தேன், அன்றைக்கு விசாரணை நடக்கவில்லை.

அண்ணனிடம் இன்னும் பேசவில்லை. அடுத்த மாதம் அம்மாவின் நினைவுநாள் பூசை. பூசைக்கு எழுதிக் கொடுக்கும் சீட்டில் 'ஒப்புக்கொடுப்பவர்கள்' என்ற இடத்தில் போன வருடம் வரை என் பெயரை மட்டும்தான் எழுதுவேன். இந்தத் தடவை அண்ணன் பெயரை முதலில் எழுதிவிட்டு, அதன் கீழே என்னுடையதை எழுதினேன்.