ஐந்து பெயர்கள், ஒரே இடம்

சென்னையின் மெட்ரோ, மின்சார ரயில், பறக்கும் ரயில், மாநகரப் பேருந்து ஆகிய நான்கையும் ஒரே தாளில் காட்டும் வரைபடம் ஒன்றைச் சில மாதங்களாக வரைந்து வரைந்து அழித்துக்கொண்டிருக்கிறேன். ரயில் பாதைகள் சிரமம் தரவில்லை. ஹாரி பெக் வரைந்து 1933இல் வெளியான லண்டன் சுரங்க ரயில் வரைபடம், உண்மையான தூரத்தையும் வளைவுகளையும் விட்டுவிட்டு, நேர்க்கோடுகளாலும் 45 பாகைச் சாய்வுகளாலும் பாதைகளைக் காட்டியது. எந்த நிலையத்துக்குப் பின் எது, எங்கே மாறுவது என்று தெரிந்தால் சுரங்கத்தில் செல்பவருக்குப் போதும் என்பது அவர் கணக்கு. அம்முறையில் சென்னையின் ரயில் பாதைகளை ஒரே மாலையில் வரைந்துவிடலாம்.

சிக்கல் சென்ட்ரலில்தான். விரைவு ரயில்கள் வந்து சேரும் நிலையத்துக்கு 2019இல் எம்.ஜி.ஆர். பெயர் சூட்டப்பட்டது, மக்கள் வாயில் அது இன்றும் சென்ட்ரல். அதை ஒட்டி, அரக்கோணம், கும்மிடிப்பூண்டி மின்சார ரயில்களுக்கான மூர் மார்க்கெட் வளாகம். சாலைக்கு எதிரே தாம்பரம் வண்டிகள் நிற்கும் பூங்கா நிலையம், அதன் அருகிலேயே பறக்கும் ரயிலுக்கான பூங்கா நகர், நிலத்தடியில் மெட்ரோ. பூங்காவுக்கும் பூங்கா நகருக்கும் உள்ள வேறுபாட்டை, கோவையிலிருந்து பெட்டியோடு வந்து இறங்குபவர் எப்படி அறிவார்? ஐந்து புள்ளிகளாக வரைந்தால் ஐந்து ஊர்கள்போலத் தெரிகிறது. ஒரே புள்ளியாக்கினால் இடையிலுள்ள சாலையும் படிக்கட்டுகளும் மறைந்துபோகின்றன. கடைசியில் ஒரு பெரிய வட்டத்துக்குள் ஐந்து புள்ளிகளை இட்டு, அவற்றுக்கிடையே நடக்கும் நிமிடங்களை எழுதினேன், அதுவும் சுமையோடு நடப்பவரின் நிமிடங்களை.

பேருந்தைச் சேர்த்ததும் பெக்கின் கணக்கு தளர்ந்துவிடுகிறது, ஏனெனில் பேருந்துப் பயணி தெருவைப் பார்த்துக்கொண்டே போகிறவர். 1972இல் மாசிமோ விக்னெல்லியின் நியூயார்க் சுரங்க ரயில் வரைபடம் அந்நகரின் நீண்ட செவ்வகமான சென்ட்ரல் பூங்காவைச் சதுரமாக்கியது. அழகான படம்தான், ஆனால் தரைக்கு ஏறி வந்தவர்கள் குழம்பினார்கள், 1979இல் அது மாற்றப்பட்டது. அதனால் கடற்கரையையும் கூவத்தையும் அடையாற்றையும் ஓரளவு உண்மையான வடிவிலேயே விட்டுவைத்தேன். எல்லாத் தடங்களையும் போட்டால் தாள் நூல்கண்டாகிவிடும் என்பதால், அடிக்கடி ஓடும் பேருந்துகளின் தடங்களை மட்டும் வரைந்தேன். மாம்பலம் ரயில் நிலையத்தைத் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தோடு இணைத்து 2023இல் திறக்கப்பட்ட ஆகாய நடைபாதைக்கு ரயில் பாதைக்கு நிகரான தடிமன் கொடுத்தேன். அங்கே மாறுபவருக்கு அதுவும் பயணத்தின் ஒரு பகுதிதானே.

அந்தப் பெரிய வட்டத்துக்கு என்ன பெயர் எழுதுவது என்பது மட்டும் தீரவில்லை. இப்போதைக்குப் பென்சிலால் ‘சென்ட்ரல்’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.