குடியாத்தத்து ஃபைலும் எடிசன் பள்ளியும்

பேச்சில் சிக்கல் உள்ள மகனுக்குப் பள்ளியில் சிறப்பு உதவி கேட்க, அமெரிக்காவின் நியூ ஜெர்சிக்கு வரும்போது தடியாக ஒரு ஃபைல் கொண்டுவந்தோம். வேலூரில் பார்த்த டாக்டரின் ரிப்போர்ட், ஸ்பீச் தெரபி நோட்டு, யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எல்லாம் அதில் இருந்தன. ஊரில் எந்தச் சலுகைக்குப் போனாலும் குறைபாடு 40 சதவீதம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். இங்கே எடிசன் ஊர்ப் பள்ளியில் சதவீதத்தை யாருமே கேட்கவில்லை.

இங்கே கேள்வியே வேறு. குறைபாடு படிப்பைப் பாதிக்கிறதா, அதற்காகத் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கிறதா? குறைபாடுள்ள பிள்ளைகளின் கல்விக்கான ‘ஐடியா’ (IDEA) என்கிற கூட்டரசுச் சட்டத்தில் 13 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. அதில் ஒன்று இருந்தால் மட்டும் போதாது. ஆட்டிசம் என்று டாக்டரே எழுதிக்கொடுத்தாலும், தனிப் பயிற்சி தேவையில்லை என்று முடிவானால் ஐஇபி, அதாவது அந்தப் பிள்ளைக்கென்றே எழுதும் தனிக் கல்வித் திட்டம், கிடையாது. அப்போது 1973-ஆம் வருடச் சட்டத்தின் கீழ் வரும் 504 திட்டத்தைக் கேட்டுப் பார்க்கலாம். தேர்வில் கூடுதல் நேரம் மாதிரியான உதவிகள் அதில் கிடைக்கும்.

எதைக் கேட்டாலும் எழுத்தில் கேளுங்கள். ‘மிஸ்ஸுகிட்ட சொல்லிட்டேன், பாத்துக்குவாங்க’ என்று இருந்துவிடுகிற நம்மவர்கள் நிறையப் பேர். தேதி போட்ட கடிதம் போய்ச் சேர்ந்தால், நியூ ஜெர்சியில் பள்ளி விடுமுறை நாட்கள் நீங்கலாக (கோடை விடுமுறையைக் கழிக்க முடியாது) 20 நாளுக்குள், மதிப்பீடு வேண்டுமா என்று முடிவு செய்யக் கூட்டம் போட்டாக வேண்டும். மதிப்பீட்டுக்கு நாம் சம்மதம் கொடுத்த பிறகு, சேவை தொடங்குவது வரை எல்லாவற்றுக்கும் 90 நாள். மற்ற மாநிலங்களில் கணக்கு மாறும். பெற்றோரின் விசா எதுவானாலும் இதற்குக் கட்டணம் இல்லை.

மதிப்பீட்டில் படம் காட்டிப் பெயர் கேட்டார்கள். துடைப்பத்தைப் பார்த்ததும் பையன் ‘தொடப்பம்’ என்றான். சோதித்த அம்மா பேனாவை எடுக்கவே இல்லை. கூட இருந்த மொழிபெயர்ப்பாளர் ‘சரியாத்தான் சொல்றான்’ என்ற பிறகுதான் குறித்துக்கொண்டார். பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்த மொழியில் சோதிக்க வேண்டும், ஆங்கிலம் வராததைக் குறைபாடாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது சட்டம். வீட்டில் தமிழை விட்டுவிடுங்கள் என்று யோசனை சொல்கிறவர்களுக்கு நான் காது கொடுப்பதில்லை.

இதற்கு நடுவில் குடியாத்தத்திலிருந்து மாமியார் போன். “என்னாத்துக்கும்மா ஸ்பெஷல் கிளாஸ்னு பேரு வாங்கணும்? அவங்க அப்பனே நாலு வயசுலதான் பேசனான்.” தனிப் பள்ளியில் தள்ளிவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். முடிந்தவரை மற்ற பிள்ளைகளோடு சேர்த்தே படிக்க வைக்க வேண்டும் என்றுதான் சட்டமே சொல்கிறது. இவனும் சாதாரண வகுப்பில்தான் உட்காருகிறான். ஸ்பீச் தெரபிக்கு மட்டும் வெளியே கூட்டிப்போகிறார்கள்.

ஐஇபி கூட்டத்தில் சைக்காலஜிஸ்ட், சோஷியல் ஒர்க்கர், டீச்சர் என்று சுற்றி உட்கார்ந்துகொண்டு வேகமாகப் பேசுவார்கள். கடைசியில் காகிதம் நம் பக்கம் நகரும். அங்கேயே கையெழுத்துப் போட வேண்டியதில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாகப் படியுங்கள். நம் சம்மதம் இல்லாமல் முதல் ஐஇபியைத் தொடங்க முடியாது. மதிப்பீடு தப்பாகப் பட்டால், பள்ளியின் செலவில் வெளி ஆளை வைத்து இன்னொரு மதிப்பீடு கேட்கலாம்.

காட்பாடியிலிருந்து என் தம்பி குடும்பமும் இங்கே வரப்போகிறது. அவன் மகளுக்கு இன்னும் மூன்று வயது ஆகவில்லை. அதனால் முதலில் அவர்கள் போக வேண்டியது மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான மாநிலத்தின் ‘ஏர்லி இன்டர்வென்ஷன்’ பிரிவுக்கு. டாக்டர் சீட்டு வேண்டாம், பெற்றோரே கூப்பிடலாம். மதிப்பீடு இலவசம், சேவைக்கு மட்டும் வருமானத்தைப் பொறுத்துக் கட்டணம் வரலாம்.